ஸ்கார்பரோவிலிருந்து இன்னொரு ஸ்கார்பரோவுக்கு

கேள்வி: போன வருடம் புன்டா கானாவில் ஒரு வாரம், சாப்பாடு உட்பட எல்லாம் சேர்ந்த பேக்கேஜில் போய் வந்தோம். கையில் ஒரு பட்டையைக் கட்டிவிட்டார்கள். ஏழு நாளும் மதிலைத் தாண்டவில்லை. சைவக்காரரான மாமியார் ரொட்டியும் உருளைக்கிழங்கு வறுவலுமாகப் பொழுதைக் கழித்தார். வரும் மார்ச் விடுமுறையில் மறுபடியும் கரீபியன் பக்கம் போக ஆசை. ரிசார்ட் வேண்டாம். ஊர்க்காரர்கள் இருக்கும் இடத்தில் சமையலறையோடு ஒரு வீடு போதும். ஒரு இரவுக்கு 100 கனடா டாலருக்கு மேல் முடியாது. எங்கே தேடுவது?
– ஒரு வாசகி, ஸ்கார்பரோ, கனடா

பதில்: உங்களுக்கு நான் சொல்லப்போகும் தீவின் தலைநகரத்துக்கும் ஸ்கார்பரோ என்றுதான் பெயர். டொபேகோ. திரினிடாடும் டொபேகோவும் சேர்ந்து ஒரே நாடு. டொராண்டோவிலிருந்து போர்ட் ஆஃப் ஸ்பெயினுக்கு நேர் விமானம் இருக்கிறது. அங்கிருந்து டொபேகோ அரை மணி நேரம்கூட இல்லாத பறத்தல். நேரம் இருக்கிறது, அலை ஒத்துக்கொள்ளும் என்றால் கப்பலிலும் போகலாம்.

பெரும்பாலோர் முதலில் மலிவான அறையைத் தேடுகிறார்கள், அது எந்த ஊரில் இருக்கிறதோ அங்கே போய் இறங்குகிறார்கள். நீங்கள் ஊரை முதலில் முடிவு செய்யுங்கள். டொபேகோவில் விமானம் இறங்கும் கிரவுன் பாயின்ட் பக்கம்தான் ஹோட்டல்கள் அதிகம். அறையைத் தேடினால் முதலில் கண்ணில் படுவதும் அவைதான். அதைத் தாண்டி வரைபடத்தை வடக்குக் கரையோரமாக நகர்த்துங்கள். காஸ்டாரா வரும். இன்னும் போனால் தீவின் வடகிழக்கு முனையில் சார்லட்வில். இரண்டும் மீன்பிடி ஊர்கள். வீட்டுக்காரர் கீழே இருந்துகொண்டு மாடியை வாடகைக்கு விடுவது, பக்கத்திலேயே இரண்டு அறை கட்டி விடுவது, அப்படித்தான் அங்கே தங்குமிடங்கள். காஸ்டாராவை ஐரோப்பியர்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் காலையில் கரைவலை இழுக்கும்போது நீங்களும் ஒரு கை பிடிக்கலாம். கடற்கரையிலேயே மண் அடுப்பில் ஊர்ப் பெண்கள் ரொட்டி சுடும் நாளும் உண்டு. ஊர் இன்னும் ஊராகத்தான் இருக்கிறது. ஆள் அரவமே குறைவாக வேண்டும் என்றால் சார்லட்வில்.

ஊர் முடிவானபின் வீட்டுக்காரரிடம் நேரடியாகப் பேசுங்கள். பலர் வாட்ஸ்அப்பிலேயே பதில் சொல்வார்கள். ஏழு இரவு என்று கேட்டால் விலை இறங்கும். மூன்று பேருக்கு இரண்டு படுக்கையறை என்றால் 100 கனடா டாலர் கொஞ்சம் இறுக்கம்தான். 120 வரை மனதைத் தயார்செய்து வையுங்கள். ஏசி வேண்டாம் என்றால் இன்னும் குறையும், மார்ச்சில் கடல்காற்றும் ஒரு ஃபேனும் போதும்.

பேசும்போது முதலில் கேட்க வேண்டியது, எந்த டாலர்? வீட்டுக்காரர் சொல்வது அமெரிக்க டாலராகவும் இருக்கலாம், டிடி டாலராகவும், அதாவது திரினிடாட்-டொபேகோவின் சொந்த டாலராகவும் இருக்கலாம். ஒரு அமெரிக்க டாலருக்கு ஏறக்குறைய 6.75 டிடி டாலர். ‘ஐந்நூறு டாலர்’ என்று போனில் கேட்டுவிட்டு நான் ஒருமுறை பதிலே சொல்லாமல் வைத்துவிட்டேன். மறுநாள்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், அது உங்கள் பட்ஜெட் அளவுதான். வரியும் சர்வீஸ் சார்ஜும் சேர்த்தா என்பதையும் அப்போதே கேளுங்கள். அறை வரி 10 சதவீதம், சேவைக் கட்டணம் 10 சதவீதம் என்று பில்லில் பின்னால் வந்து ஒட்டிக்கொள்ளும் இடங்கள் உண்டு.

இரண்டாவது, தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா? குழாய்த் தண்ணீர் அங்கே எல்லா நாளும் வராது. வீட்டுப் படத்தைப் பெரிதாக்கி, கூரையிலோ பக்கத்திலோ கறுப்பு டேங்க் தெரிகிறதா என்று பாருங்கள். நம் ஊர் சின்டெக்ஸ் மாதிரியே இருக்கும். நான் தங்கிய ஒரு வீட்டில் அது இல்லை. தலையில் சோப்பு நுரையோடு நான் நின்றபோது, வீட்டுக்கார அம்மாள் கதவுக்கு வெளியே ஒரு வாளியை வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்.

அப்புறம் மாமியாரின் முழங்கால். இந்த ஊர்கள் மலைச்சரிவில் இருக்கின்றன. ‘கடல் காட்சி’ என்று விளம்பரத்தில் இருந்தால் படிகள் என்று அர்த்தம். எத்தனை படி என்று எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள்.

சாப்பாடு விஷயத்தில் அவர் இந்தமுறை பழிவாங்கிவிடலாம். 1845 முதல் 1917 வரை இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் திரினிடாடுக்குக் கொண்டுபோனார்கள். பெரும்பாலோர் வட இந்தியர், சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்களும் உண்டு. அதனால் பருப்புரொட்டி, பூசணிக்காய்க் கறி, பயற்றங்காய்க் கறி எல்லாம் தெருக்கடையிலேயே கிடைக்கும். சீரகத்துக்கு அங்கே கீரா என்று பெயர். காலையில் ‘டபுள்ஸ்’ சாப்பிடுங்கள்: பரா என்ற மெத்தென்ற மஞ்சள் பூரி இரண்டு, நடுவில் கொண்டைக்கடலைக் கறி, மேலே புளிச்சட்னியும் வெள்ளரித் துருவலும். காகிதத்தில் சுருட்டித் தருவார்கள், நின்றுகொண்டே தின்ன வேண்டும். ‘ஸ்லைட்’ என்று சொன்னால் மிளகாய்ச் சாறு கொஞ்சமாக விடுவார்கள். சொல்லாவிட்டால் கண்ணில் தண்ணீர்தான். இதற்காகவே திரினிடாடில் செயின்ட் அகஸ்டின், க்யூரெப் பக்கம் இரண்டு இரவு தங்குவேன் நான். பல்கலைக்கழகம் இருக்கும் இடம். சிவப்புப் பட்டை போட்ட மாக்ஸி டாக்ஸி, அதாவது நம் மினிபஸ், கிழக்குப் பக்கம் முழுக்க ஓடும். டொபேகோவில் இந்தச் சாப்பாடு இவ்வளவு தாராளமாகக் கிடைக்காது. கலலூ என்ற சேம்பிலை மசியலில்கூட நண்டு போட்டிருப்பார்கள், கேட்டுவிட்டுச் சாப்பிடச் சொல்லுங்கள். சமையலறை வேண்டும் என்று நீங்கள் கேட்டது சரியான யோசனை.

பாதுகாப்பு பற்றி நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லாமல் விட முடியாது. திரினிடாடில் துப்பாக்கிக் குற்றம் அதிகம். 2024 டிசம்பர் 30 அன்று அவசரநிலையே அறிவித்தார்கள். பணம் கட்டுமுன் கனடா அரசின் பயண எச்சரிக்கையைப் படியுங்கள். திரினிடாடில் இருட்டியபின் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் சுற்ற வேண்டாம். டாக்ஸி என்றால் நம்பர் பிளேட் ‘எச்’ எழுத்தில் தொடங்க வேண்டும். ‘பி’ என்று தொடங்கினால் அது சொந்தக் கார், வாடகைக்கு ஓட்ட அனுமதி இல்லாதது. டொபேகோவில் அரசு பஸ்ஸும் உண்டு, ஆனால் டிக்கெட்டை முன்னாலேயே கடையிலோ நிலையத்திலோ வாங்கிவிட வேண்டும். டிரைவர் காசு வாங்க மாட்டார்.

கியூபாவில் வீட்டு அறை இதைவிட மலிவு. கதவில் நீல நங்கூரம் மாதிரி ஒரு குறி இருந்தால் வெளிநாட்டவருக்கு வாடகை விட அனுமதி பெற்ற வீடு. ஆனால் 2024 அக்டோபரில் நாடு முழுக்க மின்சாரம் போனது. அதன் பிறகும் மின்வெட்டு ஓயவில்லை. மாமியாரோடு வேண்டாம்.

தேதி குறிக்கும்போது ஈஸ்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள். டொபேகோவின் பக்கூ ஊரில் அப்போது ஆட்டுப் பந்தயமும் நண்டுப் பந்தயமும் நடக்கும், திரினிடாட் ஜனங்கள் கூட்டமாக வந்து இறங்குவார்கள், அறை விலை ஏறும். விடியற்காலைத் தூக்கத்தை எதிர்பார்க்க வேண்டாம். கொக்ரிக்கோ என்ற பறவை டொபேகோவின் சின்னம், கூட்டமாகக் கத்தும். கறிவேப்பிலை எடுத்துப் போக நினைத்தால் விட்டுவிடுங்கள், பச்சை இலையை விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள். திரினிடாட் சந்தையில் ‘கரப்புலே’ என்று கேட்கச் சொல்லுங்கள் மாமியாரை.