வாசகர் கேள்வி பதில்: அப்பாவோட கடன் நோட்டு

கேள்வி: எங்கப்பா ரொம்ப வருஷமா மளிகைக்கடை வெச்சிருக்காரு, நான் பி.காம் முடிச்சுட்டு கடைக்கு வந்துட்டேன். பாதி யாவாரம் கடன்லதான் ஓடுது, எல்லாத்தையும் ஒரு நீள நோட்டுல எழுதறாரு. நிறுத்துங்கன்னா உனக்கு யாவாரம் தெரியாதுங்கறாரு. அவர்கிட்ட நான் கத்துக்க என்ன இருக்கு?
- பெயர் வேண்டாம், விருதுநகர்

பதில்: தம்பி, அந்த நோட்டை ஒரு ராத்திரி வாங்கி வெச்சு படிங்க. யாருக்கு எவ்ளோ பாக்கின்னு மட்டும் பாக்காம யாரு என்னைக்கு தர்றாங்கன்னு பாருங்க, கட்டட வேலைக்குப் போறவங்களுக்கு சனிக்கிழமை கூலி, மில்லுல இருக்கறவங்களுக்கு மாச சம்பளம், அப்பா அந்த நாளைப் பாத்துதான் சரக்கு குடுத்திருப்பாரு. யாருக்கு ஐநூறுக்கு மேல ஏத்தக்கூடாதுங்கறது அவர் மனசுல இருக்கும், நோட்டுல இருக்காது, அதை அவர் வாயால கேட்டு வாங்கிக்கங்க.

அதுக்காக எல்லாத்தையும் அப்படியே தொடரச் சொல்லல. மொத்தக்கடைக்காரருக்கு நீங்க தர வேண்டிய நாள் முன்னாடி வந்து, உங்களுக்கு வர வேண்டியது பின்னாடி வந்தா லாபத்துல ஓடற கடையும் முட்டிக்கும். ஆறு மாசத்துக்கு மேல நிக்கற பாக்கிய தனிப் பக்கத்துல எழுதி, அவங்களுக்கு மட்டும் புதுக்கடன் வேண்டாம், பழசை வாரா வாரம் கொஞ்சமா வசூல் பண்ணலாம்னு சொல்லிப் பாருங்க, அப்பா ஒத்துக்குவாருன்னுதான் தோணுது.

கெவின்கேர்ங்கற ஷாம்பு கம்பெனிய ஆரம்பிச்ச ரங்கநாதன் கதை உங்களுக்கு உதவும். அவங்கப்பா கடலூர் சின்னி கிருஷ்ணன், கூலி வேலை செய்யறவங்களும் வாங்கற மாதிரி பொருளை சின்ன சாஷே பாக்கெட்ல போட்டு விக்கணும்னு நெனச்சவரு. மகன் 1983ல 15,000 ரூபாயோட குடும்பத் தொழில்ல இருந்து வெளிய வந்து தனியா 'சிக்' ஷாம்பு போட்டாரு, அந்தப் பேரே அப்பா பேர்ல இருந்து வந்ததுதான். அப்பா யாரை மனசுல வெச்சாரோ அந்த சில்லறைக் காசு வாடிக்கையாளரை எடுத்துக்கிட்டாரு, நடத்துன விதம் மகனோடது. உங்களுக்கும் அதுதான் வழின்னு நான் நம்பறேன்.

கேள்வி: வீட்டுல இட்லி மாவு யாவாரம் ஆரம்பிக்கப் போறேன். உங்கம்மாவும் மாவு வித்தாங்கன்னு முன்னாடி எழுதியிருந்தீங்க, அவங்ககிட்ட என்ன கத்துக்கிட்டீங்க?
- ஒரு வாசகி, கரூர்

பதில்: அம்மாகிட்ட ரெண்டு டப்பா இருந்துச்சு. வித்த காசுல மறுநாள் அரிசி உளுந்துக்கானதை முதல்ல ஒண்ணுல போட்டு மூடிருவாங்க, மிச்சம்தான் அடுத்த டப்பா, வீட்டுக்கு காய் வாங்கறது அதுல இருந்துதான், பத்தலைன்னா அன்னைக்கு ரசத்தோட முடிஞ்சுரும், முதல் டப்பாவ நாங்க யாரும் தொட முடியாது. உளுந்து வெலை ஏறுனப்போ பக்கத்துல எல்லாரும் உளுந்தைக் கொறச்சாங்க, அம்மா அளவைக் கொறைக்காம ரெண்டு ரூவா ஏத்தி, வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் காரணத்தைச் சொல்லித்தான் ஊத்துனாங்க. சில பேரு நின்னுட்டாங்க, அவங்க அதுக்காக மாவை மாத்தல. நீங்க முதல் நாள்லயே அந்த ரெண்டு டப்பாவ வெச்சுருங்கம்மா, கிரைண்டர் கரண்ட் பில்லுக்கும் முதல் டப்பாலயே எடுத்து வெச்சுக்கங்க, நெறய பேரு அதைக் கணக்குல சேக்கறதே இல்ல.