மைண்ட்ஃபுல்னெஸ் பழகினால் அன்றாட வேலை கூடுதலாக நடக்குமா?

நீங்கள் கேட்டிருப்பது: "மூச்சைக் கவனித்து, இந்த நொடியில் மனத்தை நிறுத்தும் பயிற்சியால் தினசரி வேலை உண்மையிலேயே கூடுதலாக முடிகிறதா, அல்லது அது நேரம் இருப்பவர்களுக்கு மட்டும்தானா?"

முடிகிறது. ஆனால் பலன் கிடைப்பது வேலைக்கு நடுவில்தான். கண்ணை மூடி உட்காருவது அதற்கான பழக்கம், அவ்வளவே.

நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில் ஆபிஸ் கிராணியாக, அதாவது கணக்கு எழுதுபவராக இருக்கிறேன். சம்பளக் காலம் முடிந்த 7 நாளுக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும். மறுமாதம் 15ஆம் தேதிக்குள் இபிஎஃப் (தொழிலாளர் சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) சந்தாக்களைக் கட்டியாக வேண்டும். காலையில் பெரட்டு (ஆள் கணக்கெடுத்து வேலை பிரிப்பது) முடிந்ததும் ஆரம்பிக்கும். மண்டோர் (வேலையை மேற்பார்ப்பவர்) வெட்டிய குலைகளின் கணக்கோடு வந்து நிற்பார். வேலை பெர்மிட் எப்போது வரும் என்று கேட்க ஒருவர், சம்பளத்தில் முன்பணம் கேட்க இன்னொருவர். அதற்குள் மில்லிலிருந்து லாரி எடை வாட்சாப்பில் வந்து விழும். ஒவ்வொன்றும் இரண்டு நிமிட வேலை. ஆனால் திரும்பக் கணக்கில் கண்ணை வைத்தால், எந்த வரியில் விட்டோம் என்று தேடவே நேரம் போகும். என் நாளைத் தின்பது வேலையின் அளவைவிட இந்தத் தேடல்தான்.

இதைச் சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் ஆராய்ந்து எழுதினார். ஒரு வேலையைப் பாதியில் விட்டு அடுத்ததற்குப் போகும்போது, மனத்தின் ஒரு பங்கு பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது. அதனால் அடுத்த வேலையும் சரியாக நடப்பதில்லை. பிறகு 2018இல் தெரசா குளோம்ப் என்பவருடன் சேர்ந்து ஒரு வழியையும் சோதித்தார். எழுந்து போகும் முன், எங்கே விட்டோம், திரும்பி வந்து எதைத் தொடங்க வேண்டும் என்று சுருக்கமாகக் குறித்துவைத்தால் அந்த ஒட்டுதல் குறைகிறது.

நான் செய்வதும் அதுதான், முன்னால் ஒரு மூச்சைச் சேர்த்துக்கொண்டு. யாராவது கூப்பிட்டால் உடனே தலையைத் தூக்குவதில்லை. ஒரு மூச்சு. "12ஆம் ஃபீல்டு, மூன்றாவது கேங் வரை ஏற்றியாச்சு, உதிரிப்பழம் பாக்கி" என்று பக்கத்துத் தாளில் ஒரு வரி. அதற்குப் பிறகு வந்தவரை முழுசாகப் பார்த்துப் பேசுவேன். "ஒரு நிமிஷம் பொறுங்கண்ணே" என்றால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. கீபோர்டில் கையை வைத்துக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல் பதில் சொன்னால்தான் வருத்தப்படுகிறார்கள்.

இதைவிடக் கடினமானது, யாருமே கூப்பிடாதபோது கை தானாகப் போனை எடுக்கும் தருணம். 2010இல் கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2,250 பேரிடம் கைத்தொலைபேசி வழியாக அவ்வப்போது விசாரித்ததில், விழித்திருக்கும் நேரத்தில் ஏறத்தாழ 47 விழுக்காடு மனம் செய்யும் வேலையில் இல்லை என்று தெரிந்தது. மனம் அலையத்தான் செய்யும். அலைந்துவிட்டது என்பது எவ்வளவு சீக்கிரம் தெரிகிறது என்பதில்தான் பயிற்சியின் பலன் இருக்கிறது. மூச்சைக் கவனித்து உட்காரும்போது நடப்பதும் இதுதான்: மனம் ஓடும், ஓடியது தெரியும், திரும்பக் கொண்டுவருவோம். அந்தத் திரும்புதல்தான் பயிற்சி. ஓடியதற்காகத் தன்னைத் திட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

என் அம்மா பால்மரம் வெட்டியவர். வெயில் ஏறிவிட்டால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்று விடியும் முன்பே தலைவிளக்கோடு நிரைக்குப் போய்விடுவார். பட்டையைச் சீவும்போது உளி கொஞ்சம் ஆழமாக இறங்கினால் உள்ளே வளரும் படலம் காயப்படும். பிறகு அங்கே பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், அடுத்த சுற்றில் ஒழுங்காக வெட்ட முடியாது. மேலோட்டமாகச் சீவினால் பால் குறையும். நூற்றுக்கணக்கான மரங்களில் ஒவ்வொன்றிலும் கை அந்த அளவை அறிந்திருக்க வேண்டும். எங்கள் தோட்டங்களில் இந்தக் கவனம் ஒருபோதும் குறைவாக இருந்ததில்லை. யாரோ வெளியிலிருந்து வந்து கற்றுத்தர வேண்டிய புதுமையாக இதைப் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்று மைண்ட்ஃபுல்னெஸ் என்று பேசப்படும் பயிற்சியை ஜோன் கபாட்-சின் என்பவர் 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் தொடங்கியது, நாள்பட்ட வலியோடும் மன அழுத்தத்தோடும் இருந்த நோயாளிகளுக்காக. பின்னர் அது 8 வாரப் பயிற்சியாகப் பரவியது. உற்பத்தியைக் கூட்டும் உபாயமாக அது பிறக்கவில்லை. ஹாஃபென்பிராக், வோஸ் இருவரும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், தியானம் முடித்த உடனே வேலையில் இறங்கும் ஆர்வம் குறைந்திருந்தது. வேலையின் தரம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதனால் சம்பளக் கணக்கு முடிக்கும் நாளில், வேலைக்குச் சற்று முன்னால் நான் உட்காருவதில்லை. பசியாறுவதற்கு முன் வீட்டிலேயே முடித்துவிடுவேன்.

மூன்று பேர் செய்ய வேண்டிய வேலை ஒருவர் தலையில் இருந்தால், எந்த மூச்சும் அதைத் தீர்க்காது. "டென்ஷனாகாதீங்க, தியானம் பண்ணுங்க" என்று மேலே இருப்பவர் சொல்வது அப்போது தீர்வாகாது. ஆள் கேளுங்கள், தேதியைத் தள்ளிக் கேளுங்கள், எது முதலில் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். பதறாமல், கோபத்தில் உடையாமல் அதைக் கேட்கும் நிதானத்தை இந்தப் பயிற்சி தரும். அதை நான் பெரிய பலனாகவே நினைக்கிறேன்.

தொடங்க விரும்பினால் ஆப் எதற்கும் பணம் கட்டாதீர்கள். ஐந்து நிமிடம் நாற்காலியில் உட்கார்ந்தால் போதும். பிறகு வேலையில் ஒரே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். போனை எடுக்கும் முன், அல்லது எழுந்து போகும் முன். அந்த ஓர் இடத்தில் படியும் வரை வேறெதையும் சேர்க்க வேண்டாம். சிலருக்கு மூச்சைக் கவனிக்கும்போது படபடப்பு கூடும், பழைய வேதனைகள் மேலே வரும். அப்படியானால் கண்ணைத் திறந்து நிறுத்திவிடுங்கள். மறுபடியும் மறுபடியும் வந்தால் பக்கத்துக் கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார நிலையம்) டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.