நடுவில் இருப்பது கருந்துளையா, வெற்று ஒருமைப்புள்ளியா? வட்டை வைத்துச் சொல்ல முடியுமா?

ஒளிகூடத் தப்ப முடியாத எல்லைக்குள் (நிகழ்வெல்லை) மையம் மறைந்திருந்தால் அது கருந்துளை. அந்த எல்லையே இல்லாமல், அடர்த்தி எல்லையற்றுப் போகும் புள்ளி வெளியே தெரிந்தால் அது வெற்று ஒருமைப்புள்ளி. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டின் ஈர்ப்பும் ஒரே மாதிரிதான், அப்புறம் எப்படிப் பிரித்துச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது. சுற்றியிருக்கும் திரள் வட்டின் (உள்ளே இழுக்கப்படும் வாயு சுழன்று உருவாக்கும் தட்டின்) உள்விளிம்பு எங்கே இருக்கிறது என்பதில்தான் விடை இருக்கிறது.

வட்டில் உள்ள வாயு நேராக உள்ளே விழுந்துவிடாது. ஒரு வளையத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே இருக்கும் அடுத்த வளையம் இதைவிட மெதுவாகச் சுற்றும். இரண்டும் உரசும், உள்வளையம் கோண உந்தத்தை, அதாவது தன்னைச் சுற்ற வைக்கும் உந்தத்தை, இழந்து இன்னும் கொஞ்சம் உள்ளே இறங்கும். இறங்க இறங்கச் சூடேறி ஒளிரும். சுழலாத கருந்துளை என்றால், நிகழ்வெல்லையின் ஆரத்தைப்போல 3 மடங்கு தூரத்தோடு இந்த நிதானமான இறக்கம் முடிந்துவிடும். அதற்கு உள்ளே நிலையான வட்டப்பாதையே கிடையாது. ஒளிர்வதற்கு நேரமில்லாமல் வாயு சட்டென்று விழுந்து மறைந்துவிடும். அதுவரை அதன் நிறையில் சுமார் 5.7 சதவீதம் ஒளியாகியிருக்கும். ஹைட்ரஜன் அணுக்கரு இணைவில் கிடைப்பதே 0.7 சதவீதம்தான்!

வெற்று ஒருமைப்புள்ளிக்கு நிகழ்வெல்லை என்ற திரையே இல்லை. இயற்பியலாளர்கள் பங்கஜ் ஜோஷி, மலஃபரினா, ரமேஷ் நாராயண் ஆகியோர் 2011இல் முன்வைத்த மாதிரியில், சில வகைகளில் வட்டு மையம் வரைக்கும் நீள்கிறது. கொள்கையளவில் நிறை முழுவதுமே ஒளியாகலாம். நிறையும் வாயு வரத்தும் சமமாக இருந்தாலும் இந்த வட்டு கூடுதலாக ஒளிரும். முக்கியமாக, கருந்துளை வட்டின் நிறமாலை (எந்த ஆற்றலில் எவ்வளவு ஒளி வருகிறது என்ற வரைபடம்) அதிக ஆற்றல் பக்கம் சரேலென்று விழும் இடத்தில், இது மெதுவாகத்தான் இறங்கும். நான் நம்பிப் பார்ப்பது இந்தச் சரிவைத்தான்.

வெறும் பிரகாசத்தை ஏன் நம்பக்கூடாது என்றால், கருந்துளை வேகமாகச் சுழன்றால் அதன் வட்டும் உள்ளே நகரும். 42 சதவீதம் வரை ஒளியாகலாம். போதாததற்கு, வாயு எவ்வளவு வருகிறது என்பதை நாம் நேரடியாக அளக்கவும் முடியாது.

சரி, 2019இல் எம்87 என்ற கேலக்ஸியின் மையம், 2022இல் நம் பால்வீதியின் மையம் என்று, ஒளி வளையத்துக்கு நடுவே இருண்ட நிழல் தெரியும் படங்களே வந்துவிட்டனவே என்பீர்கள். ஒளியையே வட்டமிட வைக்கும் பகுதி இருந்தால் சில வெற்று ஒருமைப்புள்ளிகளுக்கும் அதே போன்ற நிழல் விழும். தவிர, இந்த இரண்டிலும் வாயு மிகவும் அடர்த்தி குறைந்தது. மெல்லிய வட்டாகப் படியாமல் சூடாக உப்பியிருக்கிறது, வெப்பத்தைச் சரியாக வெளியே விடுவதுமில்லை. மேலே சொன்ன கணக்கு அங்கே செல்லாது. துணை நட்சத்திரத்திடமிருந்து வாயுவை இழுக்கும் எக்ஸ் கதிர் இரட்டைகள்தான் இந்தச் சோதனைக்கு ஏற்றவை. அதுவும் அவற்றின் வட்டு மெல்லியதாக, பிரகாசமாக இருக்கும் காலத்தில் பார்க்க வேண்டும்.