ரிக்கை முதுகில் மாட்டும் முன்: ஸ்கைடைவிங் கேள்வி பதில்

ஸ்கைடைவிங் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்ததில் பாதிக்கு மேல் ரிக் (பாராசூட்டுகள் இருக்கும் முதுகுப்பை) மாதிரி சாமான் பற்றிய கேள்விகள், அதில் எனக்கு மிகவும் சந்தோஷம். நான் அமெரிக்காவில் 2007-இல் குதிக்க ஆரம்பித்தேன். 2,100 குதிப்புகள் தாண்டிவிட்டன. அவசரத்துக்கு இருக்கும் ரிசர்வ் பாராசூட்டைச் சோதித்து மடித்து முத்திரை வைக்கும் ரிக்கர் உரிமமும் வைத்திருக்கிறேன். இங்கே சொல்லும் உயரங்கள் அமெரிக்க பாராசூட் சங்கமான யுஎஸ்பிஏ வகுத்தவை. வேறு நாட்டில் குதிப்பவர்கள் அங்குள்ள விதியைக் கேட்டு நடந்துகொள்ளுங்கள்.

கேள்வி (டாலஸ்): அக்கா, 62 குதிப்பு முடித்திருக்கிறேன், ஏ உரிமம் (முதல் நிலை) இருக்கிறது. என் எடை 160 பவுண்டு. நண்பர் ஒருவர் தன்னுடைய 150 சதுர அடி கனோப்பியை (விரியும் பாராசூட் துணி) நல்ல விலைக்குத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

வேண்டாம் தம்பி. முதலில் கணக்கைப் பார்ப்போம். உங்கள் எடையோடு ரிக், ஹெல்மெட், உடை எல்லாம் சேர்த்து 25 பவுண்டு கூட்டினால் 185. அதை 150-ஆல் வகுத்தால் விங் லோடிங், அதாவது ஒரு சதுர அடி துணி தாங்கும் எடை, 1.23. அதே நீங்கள் 190 சதுர அடி கனோப்பியில் தொங்கினால் 0.97. எண்ணில் சின்ன வித்தியாசமாகத் தெரியும், காற்றில் அப்படி இல்லை. சின்ன கனோப்பிக்கு, அதிலிருந்து வரும் கயிறான லைனும் குட்டை. டாகிளை (திருப்பவும் பிரேக் போடவும் இழுக்கும் கைப்பிடி) அதே அளவு இழுத்தாலும் சட்டென்று திரும்பும், திரும்பும்போது அதிக உயரத்தைத் தின்றுவிடும்.

நல்ல காற்று, நல்ல வெளிச்சம், பெரிய மைதானம் என்றால் 150-இலும் நீங்கள் அழகாக இறங்கிவிடுவீர்கள். அப்படிப் பத்து முறை இறங்கினால் "எனக்கு இது சரிதான்" என்று தோன்றும். நான் பயப்படுவது பதினோராவது முறையை நினைத்து. மைதானத்துக்கு வராமல் யாரோ வீட்டுக் கொல்லையில் இறங்க வேண்டிய நிலை. 100 அடியில் முன்னால் மின்கம்பி தெரிகிறது. கை தானாக ஒரு டாகிளை முழுக்க இழுக்கிறது. கனோப்பி மூக்கைக் குத்திக்கொண்டு திரும்பும், அது நிமிர்வதற்குள் தரை வந்துவிடும். 2023-இல் அமெரிக்காவில் சுமார் 36.5 லட்சம் குதிப்புகளில் 10 பேர் இறந்தார்கள். எண்ணிக்கை குறைவுதான். ஆனால் வருடா வருடம் இந்தப் பட்டியலில் பாராசூட் நன்றாக விரிந்த பிறகு, இறங்கும்போது செய்த தவறால் போனவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தவர்களும் அதில் உண்டு.

190 எடுங்கள். இரண்டு டாகிளையும் பாதி இழுத்து வைத்துக்கொண்டு உயரம் இழக்காமல் திரும்பப் பழகுங்கள். பின்பக்க ரைசரை (லைன்களைத் தோளோடு இணைக்கும் பட்டை) பிடித்துத் திரும்புவது, பாதி பிரேக்கிலேயே இறங்குவது, குறித்த இடத்தில் இறங்குவது, எல்லாவற்றையும் அதிலேயே செய்யுங்கள். கனோப்பி பயிற்சி வகுப்பு ஒன்றுக்கும் போய்விட்டு வாருங்கள். பயிற்சியாளர் பார்த்துச் சரி என்ற பிறகு 170 பற்றிப் பேசலாம்.

கேள்வி (நியூ ஜெர்சி): பழைய ரிக் வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும்?

விற்பவருடைய ரிக்கர் நல்லவராகவே இருக்கலாம். ஆனாலும் பணம் கைமாறும் முன் நீங்கள் தேர்ந்தெடுத்த ரிக்கர் ஒருவர் பிரித்துப் பார்க்க வேண்டும். ஏஏடி (ஆபத்தில் ரிசர்வைத் தானாகத் திறக்கும் கருவி) எந்த வருடம் தயாரானது, ஆயுள் இன்னும் எவ்வளவு பாக்கி என்று கேளுங்கள். அதைப் பொறுத்தே விலை மாறும். உடம்பில் மாட்டும் பட்டைகளான ஹார்னஸ் உங்களுக்குப் பொருந்துகிறதா என்று மாட்டித் தொங்கிப் பாருங்கள். நீளமான ஹார்னஸ் என்றால் கனோப்பி விரிந்ததும் எல்லாம் மேலே ஏறிவிடும், ஹேண்டில்கள் கை பழகிய இடத்தில் இருக்காது.

பலரும் முதலில் விரிக்கும் மெயின் கனோப்பியின் அளவை மட்டும் கேட்கிறார்கள். ரிசர்வ் எவ்வளவு என்று கேட்பவர் குறைவு. யோசித்துப் பாருங்கள், ஏஏடி உங்களுக்காக ரிசர்வைத் திறக்கிறது என்றால் நீங்கள் மயக்கத்தில்கூட இருக்கலாம். ஃப்ளேர் செய்ய, அதாவது தரை தொடும் முன் டாகிளை இழுத்து வேகத்தைக் குறைக்க, ஆள் இல்லை. அப்போது உங்களைத் தரையில் வைக்கப்போவது அந்தத் துணியின் பரப்பு மட்டும்தான். 126 சதுர அடி ரிசர்வ் இருக்கும் ரிக்கை 185 பவுண்டு ஆள் வாங்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், எத்தனை புதிதாக இருந்தாலும்.

அப்புறம் லைன். ஸ்பெக்ட்ரா என்ற நாரில் செய்த லைன் என்றால், ஸ்லைடர் (கனோப்பி மெதுவாக விரிய லைன்களில் இறங்கிவரும் துணி) உரசும் சூட்டில் சுருங்கும். எல்லா லைனும் ஒரே அளவில் சுருங்காது. ஓரத்து லைன்களும் பிரேக் லைன்களும் அதிகம் சுருங்கும். கனோப்பி ஒரு பக்கம் இழுக்கிறது, திறக்கும்போது முரண்டு பிடிக்கிறது என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம். லைன் மாற்றும் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி (சிட்னி): சைப்ரஸ் (ஒரு வகை ஏஏடி) இருக்கும்போது ஏன் இவ்வளவு பயம்? எப்படியும் அது திறந்துவிடுமே?

1991-இல் சைப்ரஸ் வந்த பிறகு எத்தனையோ உயிர்கள் பிழைத்திருக்கின்றன. அது இல்லாமல் நான் விமானம் ஏறுவதில்லை. ஆனால் அது என்ன செய்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். எக்ஸ்பர்ட் வகை சுமார் 750 அடியில், நீங்கள் மணிக்கு 78 மைலுக்கு மேல் விழுந்துகொண்டிருந்தால், ரிசர்வை மூடி வைத்திருக்கும் லூப்பை, அதாவது சின்னக் கயிற்று வளையத்தை, வெட்டும். வயிறு கீழே பார்த்து விழும் வேகம் மணிக்கு சுமார் 120 மைல். அந்த வேகத்தில் 750 அடி என்பது நாலு வினாடிக்கும் கொஞ்சம் அதிகம். அதற்குள் ரிசர்வ் வெளியே வந்து விரிய வேண்டும். அவ்வளவு நெருக்கமான கடைசி வாய்ப்பு அது.

இன்னொன்று: பாதி விரிந்து சுற்றிக்கொண்டிருக்கும் கனோப்பியில் நீங்கள் அந்த வேகத்தைத் தொடாமலே தரைக்கு வரலாம். சைப்ரஸ் பேசாமல் இருக்கும். கட்அவே (கோளாறான மெயினைக் கழற்றிவிட்டு ரிசர்வைத் திறப்பது) செய்யும் முடிவு உங்களுடையது. மாணவர்களுக்கும் ஏ உரிமக்காரர்களுக்கும் அந்த முடிவை எடுக்கும் உயரம் 2,500 அடி, பி உரிமத்திலிருந்து 1,800. 1,000 அடிக்குக் கீழே கட்அவே கிடையாது.

சைப்ரஸை எங்கே ஆன் செய்கிறீர்களோ அந்தத் தரையைத்தான் அது பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். வீட்டில் ஆன் செய்துவிட்டு மலைப்பக்கம் இருக்கும் டிராப்சோனுக்கு (குதிக்கும் இடம்) வண்டி ஓட்டிப் போகாதீர்கள். போய்விட்டால் அங்கே அணைத்து மறுபடி ஆன் செய்யுங்கள்.

கேள்வி (ஹூஸ்டன்): போன வாரம் கனோப்பி படாரென்று திறந்தது, மூன்று நாள் கழுத்து வலி. ஏன்?

முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். பிறகு மடிப்பைப் பாருங்கள்: ஸ்லைடர் மேலே ஸ்டாப்பரைத் தொட்டு, நாலு பக்கமும் சீராக விரிந்து இருந்ததா? லைனைக் கட்டி வைக்கும் ரப்பர் பேண்ட் தளர்ந்து லைன் மொத்தமாகக் கொட்டியிருந்தாலும் இப்படி ஆகும். தலைகீழாகப் பறந்துவிட்டு வேகம் குறையும் முன் பைலட் சூட்டை (மெயினை வெளியே இழுக்கும் சின்னப் பாராசூட்) எறிந்தாலும் ஆகும். தளர்ந்த ரப்பர் பேண்டை அப்புறம் மாற்றலாம் என்று விடாதீர்கள். அடுத்த குதிப்புக்கு முன் லைன் நீளத்தையும் ரிக்கரிடம் அளக்கச் சொல்லுங்கள்.

கேள்வி (டொராண்டோ): தோளில் மெயினைப் பிடித்திருக்கும், கட்அவேயில் கழலும் மூன்று வளையத்தை மாதா மாதம் கழற்றச் சொல்கிறார்கள். அவசியமா அக்கா? நன்றாகத்தானே இருக்கிறது?

அவசியம். பில் பூத் 1970-களில் கண்டுபிடித்த இந்த அமைப்பில் ஒவ்வொரு வளையமும் நெம்புகோல் மாதிரி. உங்கள் முழு பாரத்தையும் பெரிய வளையம் வாங்கி, அடுத்ததற்குக் கொஞ்சம், அதற்கடுத்ததற்கு இன்னும் கொஞ்சம் என்று குறைத்துக் குறைத்து, கடைசியில் ஒரு வெள்ளை லூப்பும் மஞ்சள் கேபிளும் தாங்கும் அளவுக்குக் கொண்டுவந்துவிடும். ஆனால் அது இலகுவாகக் கழல வேண்டுமானால் ரைசர் துணி வளைந்து கொடுக்க வேண்டும். மாதக்கணக்கில் ஒரே நிலையில் இருந்தால் துணி விறைத்துவிடும், கேபிளில் அழுக்கு ஒட்டும். கழற்றி, ரைசரை முன்னும் பின்னும் நன்றாக வளைத்து, கேபிளைத் துடைத்து, தயாரிப்பாளர் சொன்ன எண்ணெயை மெல்லியதாகப் பூசுங்கள். கால் மணி நேர வேலை. முதல் தடவை ரிக்கர் பக்கத்தில் இருக்கட்டும்; மறுபடி கோப்பதைத் தப்பாகச் செய்யக்கூடாது.

கேள்வி (டாலஸ் தம்பி மறுபடி): உங்கள் முதல் கட்அவே எப்படி இருந்தது?

312-ஆவது குதிப்பு. என் பிரேக் லைன்கள் முறுக்கேறிக்கொண்டே வந்தன. ஒவ்வொரு முறை மடிக்கும்போதும் கண்ணில் படும், வரிசையில் நிற்கிறோம், அடுத்த விமானம் போய்விடும் என்று அப்படியே மடித்துவிடுவேன். அன்றைக்கு அந்த முறுக்கில் மற்ற லைன்கள் சிக்கி முடிச்சு விழுந்தது. கனோப்பி இடது பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தது. டாகிளை இரண்டு முறை முழுக்க இழுத்து விட்டுப் பார்த்தேன், முடிச்சு அவிழவில்லை. உயரமானி 2,400 காட்டியது. கட்அவே ஹேண்டிலைப் பார்த்து, பிடித்து, இழுத்தேன். ஆர்எஸ்எல் (மெயின் கழன்றதும் ரிசர்வைத் திறக்கும் பட்டை) இருந்ததால் ரிசர்வுக்கான இரண்டாவது ஹேண்டிலுக்குக் கை போவதற்குள் ரிசர்வ் வந்துவிட்டது. ஆனாலும் அந்த ஹேண்டிலை இழுத்தேன். அப்படித்தான் பழக வேண்டும்.

மெயினைத் தேடி இரண்டு மணி நேரம் முள்காட்டில் அலைந்தோம். ரிசர்வை மடித்துக் கொடுத்த ரிக்கருக்கு, அங்கே வழக்கப்படி, ஒரு பாட்டில் வாங்கிக் கொடுத்தேன். அவர் என் மெயினின் பிரேக் லைனைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, முறுக்கை எடுத்துக் கொடுத்தார். ரிக்கர் ஆக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அன்றைக்குத்தான்.

கேள்வி (மதுரை): மகள் துபாயில் வேலை பார்க்கிறாள். பிறந்த நாளுக்கு டான்டம் குதிக்கப் போகிறாளாம். எனக்குத் தூக்கம் வரவில்லை. பாதுகாப்பானதா?

உங்கள் கவலை புரிகிறது அம்மா. என் அம்மாவும் இப்படித்தான் இருந்தார். மகள் தனியாகக் குதிக்கப் போவதில்லை. பயிற்சியாளரின் ஹார்னஸோடு தோளில் இரண்டு, இடுப்பில் இரண்டு என நாலு கொக்கிகளில் அவளை இணைப்பார்கள். மெயின், ரிசர்வ் என இரண்டு பாராசூட், அதற்கு மேல் ஏஏடி. இரண்டு பேர் சேர்ந்து விழும் வேகத்தைக் கட்டுப்படுத்தச் சின்னப் பாராசூட் ஒன்றும் பின்னால் இருக்கும். ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். மிகக் குறைவு என்று தைரியமாகச் சொல்வேன். மகளிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள்: எடையைக் குறைக்காமல் உண்மையாகச் சொல்ல வேண்டும்; ஹார்னஸ் தளர்வாகத் தோன்றினால் கூச்சப்படாமல் கேட்க வேண்டும்; இறங்கும்போது "காலைத் தூக்கு" என்றதும் முட்டியைப் பிடித்துக் காலை நன்றாகத் தூக்கிக்கொள்ள வேண்டும். டான்டமில் படும் அடிகளில் பல இறங்கும்போது கால் தரையில் மாட்டுவதால்தான்.

கேள்வி (பெர்த்): 40 குதிப்பு. ஹெல்மெட்டில் கோப்ரோ வைக்கலாமா? சின்னதுதானே?

200 குதிப்பு வரை பொறுங்கள், யுஎஸ்பிஏ பரிந்துரையும் அதுதான். சின்னதாக இருந்தாலும் லைன் சிக்க ஒரு இடம் கிடைத்துவிடும். அதைவிட, கேமரா ஆன் ஆனதா என்று யோசிக்கும் அந்த நேரத்தில் பின் செக் (ரிக்கை மூடியிருக்கும் ஊசியைப் பார்ப்பது) மறந்துபோகும். கதவு திறக்கும் முன் உங்கள் மனசு வேறு மூன்றில் இருக்க வேண்டும். தோளில் மூன்று வளையம் சரியாக இருக்கிறதா. நெஞ்சுப் பட்டையும் இரண்டு கால் பட்டையும் ஒழுங்காகக் கோத்திருக்கிறதா. பைலட் சூட், கட்அவே, ரிசர்வ் மூன்று ஹேண்டிலும் அதனதன் இடத்தில் இருக்கிறதா. முதுகுப் பக்கம் பின்னையும் குளோசிங் லூப்பையும் பக்கத்தில் இருப்பவரிடம் பார்க்கச் சொல்லுங்கள். லூப் நைந்திருந்தால் விமானத்துக்குள்ளேயே கண்டெய்னர் (பாராசூட் இருக்கும் பை) திறந்துகொள்ளலாம், கதவும் திறந்திருந்தால் உங்களோடு மற்றவர்களையும் விமானத்தின் வாலையும் இழுத்துக்கொண்டு போகும். மாற்ற ஆகும் செலவு ஒரு காபிக்கும் குறைவு. என் பையில் எப்போதும் ஐந்தாறு லூப் வைத்திருப்பேன், நேரில் பார்த்தால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.