குடுவைச் செடியில் வெள்ளையாக மாவுப்பூச்சி ஒட்டியிருக்கிறது. பூச்சியைத் தின்னும் செடிக்கே பூச்சி பிடிக்குமா? என்ன மருந்து அடிக்கலாம்?

பிடிக்கும், தாராளமாகப் பிடிக்கும். குடுவைக்குள் வழுக்கி விழுவதைத்தான் அந்தச் செடி செரிக்கும். மாவுப்பூச்சி பெரும்பாலும் குடுவைக்குள் போவதில்லை. இலை தண்டோடு சேரும் இடுக்கிலும் விரியாத குருத்திலும் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும்.

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் வீட்டு வாசலில் பெரியோக் கெரா (குடுவைச் செடிக்கு மலாய்ப் பெயர்) வளர்க்கிறேன். மருந்தைப் பற்றி யோசிப்பதற்கு முன் எறும்பைப் பாருங்கள். குடுவையின் விளிம்பில் சுரக்கும் தேனுக்காகத்தான் எறும்பு ஏறுகிறது. விளிம்பு ஈரமாக இருந்தால் சில வழுக்கி உள்ளே விழும், செடிக்கு அது சாப்பாடு. தப்பித்தவை மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீரைக் கண்டுபிடித்துவிட்டால் அதற்குக் காவல் நிற்க ஆரம்பித்துவிடும், மாவுப்பூச்சியைத் தின்ன வரும் பொறிவண்டை அண்ட விடாது. எறும்பு நடமாட்டம் இருக்கும்வரை நீங்கள் துடைக்கத் துடைக்கப் பூச்சி வந்துகொண்டேதான் இருக்கும்.

அந்தக் காலத்தில் சாப்பாட்டு அலமாரியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவார்களே, அதே வேலைதான். செடி வைக்கும் ஸ்டாண்டின் கால்களைச் சவர்க்காரத் தண்ணீர் ஊற்றிய டின்களில் நிறுத்துங்கள். இலை சுவரைத் தொடக்கூடாது, தொட்டால் எறும்புக்கு அதுவே பாலம். வாரம் ஒரு முறை தண்ணீரை மாற்றுங்கள். இல்லாவிட்டால் ஏடிஸ் கொசு வளர்ந்து அபராதம் கட்ட வேண்டிவரும். எறும்பு வராவிட்டால் செடி பட்டினி கிடக்குமோ என்ற கவலை வேண்டாம், பறக்கும் பூச்சிகள் விழுந்துகொண்டுதான் இருக்கும்.

அப்புறம் பார்மசியில் 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால் வாங்கி, காது குடையும் பஞ்சில் நனைத்து ஒவ்வொரு பூச்சியாகத் தொடுங்கள். மேலே உள்ள வெள்ளை மெழுகு கரைந்து, உள்ளேயிருக்கும் உடம்பு நிறம் மாறித் தெரியும். சாயங்காலம் செய்யுங்கள், வெயிலில் இலை கருகும். முட்டைகள் தப்பிவிடும் என்பதால் வாரத்துக்கு ஒரு முறை திரும்பச் செய்ய வேண்டும். செடி காரணமில்லாமல் வாடினால் தொட்டியிலிருந்து எடுத்து வேரைப் பாருங்கள். அங்கேயும் வெள்ளை தெரிந்தால், வேரை மழைத்தண்ணீரில் கழுவிப் புதுக் கலவையில் நடுங்கள்.

வேப்பெண்ணெயும் சவர்க்காரமும் கலந்து அடிக்கச் சொல்வார்கள். மிளகாய்ச் செடிக்குச் சரி, பூச்சி தின்னும் செடிகளுக்கு வேண்டாம். பசையால் பூச்சி பிடிக்கும் சன்டியூ செடி வைத்திருந்தால் அதன் பசைத்துளிகள் கழுவிப் போய்விடும். எஸ்டேட்டில் வேலை பார்க்கும் யாராவது ஒரு போத்தல் மருந்து கொண்டுவந்து தந்தால் அன்போடு மறுத்துவிடுங்கள். எண்ணெய் கலந்த மருந்து இந்த இலைகளைப் பொசுக்கக்கூடியது. பூச்சி கட்டுக்கடங்காமல் போனால் இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்தைப் பயன்படுத்தலாம், தண்ணீரில் கரையும் தூளாக, லேபிளில் உள்ள அளவுக்கு மேல் போகாமல். ஆனால் செஞ்சிலந்திக்கு அது வேலை செய்யாது.

இன்னொரு பூச்சி தின்னும் செடியான வீனஸ் ஈப்பொறியில் அசுவினி வந்தால் மருந்தே தேவையில்லை. தொட்டியோடு மழைத்தண்ணீரில் ஒன்றிரண்டு நாள் முழுக்கி வைத்தால் பூச்சி செத்துவிடும், சதுப்புநிலச் செடி என்பதால் அது தாங்கும். நம் ஊர் வெக்கையில் குளிர்கால ஓய்வே கிடைக்காமல் ஈப்பொறி மெல்ல மெல்ல இளைப்பது வேறு கதை, அதற்கு அசுவினியைக் குறை சொல்ல முடியாது.