வருகைக் கையெழுத்தை வைத்து வேலையைத் தொடங்கலாமா?

கூட்டத்தில் கையெழுத்துப் போட்டவர்களே இப்போது அளவைக் குச்சிகளைப் பிடுங்குவதாக எழுதி, வேலையைத் தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தொடங்காதீர்கள். மலேசியாவின் பேராக்கில், சுங்கை சிப்புட் உட்பகுதியில் உங்கள் சிறு நீர்மின் திட்டக் கூட்டத்திற்கு வந்த தெமியார் பூர்வகுடி மக்கள் போட்டது வருகைப் பதிவுக் கையெழுத்து. இப்போது அளவைக் குச்சிகளைப் பிடுங்குகிறார்கள் என்றால் பேச்சு மாறிவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. அவர்களிடம் யாரும் இன்னும் சம்மதம் கேட்கவில்லை.

காரணம் பெரும்பாலும் வரிசைதான். நீங்கள் எழுதியபடி பார்த்தால் நில அளவை முதலில், கூட்டம் அப்புறம். ரப்பர் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது, அங்கே வேலை செய்த நம் பெரியவர்களிடமும் இப்படித்தான் ‘கேட்டார்கள்’.

உங்கள் வரைபடத்தை ஒருமுறை பாருங்கள். புதைகுழிகள் எங்கே, எந்த டுரியான் மரம், எந்தப் பெத்தாய் மரம் யார் குடும்பத்துடையது, மீன் பிடிக்கும் மடு எது என்று அதில் இருக்கிறதா? இல்லையென்றால் ஊர்த் தலைவரான தோக் பாத்தினிடம் கேட்டு, ஊர்க்காரர்கள் முன்னால் நடக்க, பெண்களும் சேர, ஆற்றோரமாக நடந்தே குறித்து வாருங்கள். குழாய்ப் பாதையை மாற்ற அதிகாரமுள்ள பொறியாளரும் கூட வரவேண்டும். அவர் வராவிட்டால் அதுவும் மீகூன் பொட்டலம் கொடுத்து அனுப்பும் இன்னொரு கூட்டம்தான்.

ஒன்று கவனம்: அரசின் பூர்வகுடி மேம்பாட்டுத் துறையான ஜாக்கோவாவின் ஒப்புதல் ஊர்ச் சம்மதத்துக்கு ஈடாகாது. சாகோங் தாசி வழக்கில் பூர்வகுடியினருக்கு வழக்காற்று நிலத்தில் உரிமை உண்டு என்று 2002-இல் உயர் நீதிமன்றம் சொன்னது. 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதனால் மரத்துக்கு இவ்வளவு இழப்பீடு என்று பேச்சை ஆரம்பிக்காதீர்கள். எல்லாம் பார்த்த பிறகும் ஊர்க்காரர்கள் வேண்டாம் என்றால், அதை அப்படியே மேலிடத்துக்கு எழுதி அனுப்புங்கள்.