கேக் படம் போட்ட ஸ்டவுட்: வாங்கும் முன் கேனைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: 440 மில்லி கிராஃப்ட் ஸ்டவுட் (சிறிய ஆலையில் செய்யும் கறுப்பு பீர்) கேன் ஒன்று வாங்கினேன். ஆல்கஹால் 12 சதவீதம். முன்பக்கத்தில் சாக்லேட் கேக் படம், கூடவே வெனிலா, தேங்காய் என்று எழுதியிருந்தது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு குடித்தால், திகட்டும் இனிப்பும் தொண்டையில் எரிச்சலும்தான் மிச்சம். அடியில் கறுப்பாகக் கசடு வேறு. கெட்டுப்போன சரக்கா? திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: கசடை மட்டும் வைத்துக் கெட்டுப்போனது என்று சொல்ல முடியாது. இந்த வகை ஸ்டவுட்டைப் பல இடங்களில் வடிகட்டாமலே அடைக்கிறார்கள். ஈஸ்ட்டும் கோகோத் துகளும் அடியில் தங்கும். நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. கேன் உப்பியிருந்ததா? திறந்ததும் நுரை நிற்காமல் பொங்கி வழிந்ததா? லேபிளில் சொல்லாத புளிப்போ, ஈர அட்டைப்பெட்டி வாசனையோ வந்ததா? இவற்றில் ஒன்று இருந்தாலும் ரசீதோடும் கேனோடும் கடைக்குப் போய்க் கேளுங்கள். கேன் அடியில் அச்சிட்ட தேதியைப் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

இதில் எதுவும் இல்லையென்றால், குடித்த விதத்தில்தான் கோளாறு என்று நினைக்கிறேன். ஃப்ரிட்ஜ் குளிரில் இதன் வாசனை சரியாக எழும்பாது. 10 முதல் 13 டிகிரி வரை வரட்டும். அரை மணி நேரம் வெளியே வைத்தால் கிட்டத்தட்ட அந்தப் பக்குவம் வந்துவிடும். வாய் குறுகிய கண்ணாடிக் கோப்பையில் நூறு மில்லிக்கு மேல் ஊற்றாதீர்கள். கோப்பையைச் சாய்த்து நிமிர்த்தினால் பழுப்பு நிறத்தில் ஒரு படலம் கண்ணாடியில் ஒட்டி, மெதுவாக இறங்கும். அப்போது முகர்ந்து பாருங்கள். நான் சுவைத்தவற்றில் முதலில் வந்தது வறுத்த பார்லியின் காபி போன்ற கசப்பு. வெனிலா கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. அந்தக் கசப்பு இனிப்பைப் பிடித்து நிறுத்துகிறதா என்பதைத்தான் நான் பார்ப்பேன். நிறுத்தவில்லையென்றால், லேபிள் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது எனக்கு நல்ல ஸ்டவுட் இல்லை.

அப்புறம் அளவு. 440 மில்லியில் 12 சதவீதம் என்றால் சுமார் 53 மில்லி சுத்த ஆல்கஹால். 5 சதவீத பீர் 330 மில்லி பாட்டிலில் இருப்பது 16.5 மில்லி. அதாவது உங்கள் ஒரு கேன் மூன்று பாட்டிலுக்கும் மேல். இனிப்பு இருப்பதால் நாக்குக்கு இது தெரியாது. ஒரு கேனை நான்கு பேர் பகிர்ந்துகொள்ளுங்கள், குடித்துவிட்டு யாரும் வண்டி எடுக்க வேண்டாம்.

வாங்கும்போது முன்பக்கப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்துச் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். ‘சாக்லேட் மால்ட்’ என்பது முளைகட்டிக் கருக வறுத்த தானியத்தின் பெயர், அதில் சாக்லேட் கிடையாது. கோகோ, வெனிலா, தேங்காய் என்று பொருளின் பெயரே இருந்தால் அவற்றைச் சேர்த்திருக்கிறார்கள். ‘சுவையூட்டி’ என்று மட்டும் போட்டிருந்தால், அதிக விலை கொடுக்க நான் தயங்குவேன்.

கேள்வி: எனக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. பீர்தானே என்று இந்த ஸ்டவுட்டைக் குடித்தேன், வயிறு உப்பிவிட்டது. பீரில் பால் ஏது?

பதில்: பால் இல்லை, பாலிலிருந்து எடுக்கும் சர்க்கரையான லாக்டோஸ் இருந்திருக்கும். மால்ட்டின் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக்கும் ஈஸ்ட்டுக்கு லாக்டோஸைத் தின்னத் தெரியாது. அதனால் அது அப்படியே தங்கி, பானத்துக்கு இனிப்பும் கொழகொழப்பும் தருகிறது. மில்க் ஸ்டவுட், பேஸ்ட்ரி ஸ்டவுட் (கேக் போன்ற இனிப்புச் சுவையில் செய்வது) என்ற பெயரைப் பார்த்தாலே லாக்டோஸ் இருக்கிறதா என்று தேடுங்கள். பால் அலர்ஜி உள்ளவர்கள் தொடவே கூடாது. பாதாம், நிலக்கடலை போன்றவை அலர்ஜி என்றாலும் பட்டியலைப் படிக்காமல் வாங்காதீர்கள்.

கேள்வி: வலுவான ஸ்டவுட் வைக்க வைக்க நன்றாகும் என்கிறார்கள். ஒரு பெட்டி வாங்கிச் சேமிக்கலாமா?

பதில்: காபி, தேங்காய் போன்ற எதையும் கூடுதலாகச் சேர்க்காத இம்பீரியல் ஸ்டவுட்டுக்கு (ஆல்கஹால் அதிகமுள்ள ஸ்டவுட்) அது பொருந்தும். காபி, தேங்காய், வெனிலா வாசனைகள் நாளாக ஆக மங்கிவிடும். அந்த வாசனைக்காகத்தானே காசு கொடுக்கிறீர்கள்? ஒரு கேன் வாங்கி, குளிரில் வைத்து, சில வாரங்களுக்குள் குடித்துப் பாருங்கள்.